வரும்போதே எழுத வேண்டியது

(தொழிற்சங்கத்தினரும் தொழிலாளர் சட்டம் பயிலும் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆலைகள் நாடுவிட்டு நாடு போகும்போது தொழிலாளர்களின் கதி என்ன என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. உலகத்தையே ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்தால் எதுவும் மனத்தில் நிற்காது. அதனால் ஒரே ஒரு நிறுவனத்தின் கைபேசி ஆலைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நிறுவனம் நோக்கியா. 2008 முதல் 2014 வரை, ஆறே ஆண்டுகளில், அதன் உற்பத்தி ஜெர்மனியிலிருந்து ருமேனியாவுக்குப் போனது. ருமேனியாவிலிருந்தும் ஃபின்லாந்திலிருந்தும் ஆசியாவுக்கு வந்தது. பிறகு நம்முடைய ஸ்ரீபெரும்புதூரையும் விட்டுவிட்டு வியட்நாமில் போய் நின்றது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலை போவதை எல்லா நேரத்திலும் தடுத்துவிட முடியாது. ஆனால் அது போகும்போது தொழிலாளியின் கையில் என்ன இருக்கும் என்பதை, அது வந்த நாளில் நாம் என்ன எழுதி வைத்தோம் என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. போஹும், க்ளூஜ், சாலோ, ஸ்ரீபெரும்புதூர் ஆகிய நான்கு ஊர்களின் அனுபவத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

போஹும்: கேள்வி கேட்க இடம் இருந்த ஊர்

ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரிக்கும் இரும்புக்கும் பேர்போனது. அங்கே உள்ள நகரம் போஹும். சுரங்கங்கள் மூடப்படத் தொடங்கிய காலத்தில், 1962-இல், அங்கே ஓப்பல் கார் ஆலை வந்தது. நகரின் கடைசிச் சுரங்கம் 1973-இல் மூடப்பட்டது. பின்னர் நோக்கியா வந்தது. ஒரு தொழில் சாயும்போது இன்னொன்று தாங்கும் என்ற நம்பிக்கையில் வாழ்ந்த நகரம் அது.

2008 ஜனவரி 15 அன்று, போஹும் ஆலையை மூடப்போவதாக நோக்கியா அறிவித்தது. சுமார் 2,300 பேரின் வேலை. நிறுவனம் நஷ்டத்தில் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டில் மட்டும் அது ஈட்டிய நிகர லாபம் 720 கோடி யூரோ. ஜெர்மனியில் உற்பத்திச் செலவு கட்டுப்படியாகவில்லை, ருமேனியாவில் குறைவு என்பதே சொல்லப்பட்ட காரணம். ஒரு வாரத்துக்குள் 15,000 பேர் போஹும் வீதிகளில் திரண்டார்கள். அரசியல் தலைவர்கள் சிலர் தங்கள் நோக்கியா கைபேசியை இனித் தொடமாட்டோம் என்று அறிவித்தார்கள்.

அந்தக் கோபத்தோடு மட்டும் நின்றிருந்தால் இன்று போஹுமைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. கோபத்துக்குக் கீழே சட்டம் இருந்தது. ஜெர்மனியில் ஆலைக்கு ஆலை தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் மன்றம் உண்டு. பெருமளவில் ஆட்குறைப்பு செய்யும் முதலாளி அந்த மன்றத்தோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். வேலை இழப்பவர்களுக்கு இழப்பீடும் மறுவாழ்வும் தரும் ஒரு திட்டத்தில் கையெழுத்திட்டாக வேண்டும். உடன்பாடு வராவிட்டால் நடுவர் குழு தீர்மானிக்கும். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் பேச்சுவார்த்தையின் முடிவில் நோக்கியா ஒப்புக்கொண்ட தொகை 20 கோடி யூரோ. சராசரியாகப் பார்த்தால் ஒருவருக்கு எண்பதாயிரம் யூரோவுக்கு மேல் வருகிறது.

இரண்டாவது ஆயுதம் மாநில அரசின் கையில் இருந்தது. அந்த ஆலைக்கு நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலம் மானியம் கொடுத்திருந்தது. இத்தனை பேருக்கு இத்தனை ஆண்டு வேலை தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்தது. வாக்களித்த எண்ணிக்கையில் வேலை தரப்படவில்லை என்று சொல்லி 4.1 கோடி யூரோவையும் வட்டியையும் மாநிலம் திருப்பிக் கேட்டது. கேட்டது அப்படியே கிடைக்கவில்லை. ஆனால் முடிவில் நகரத்தின் புதுவளர்ச்சித் திட்டத்துக்கு நோக்கியா 2 கோடி யூரோ தர வேண்டியதாயிற்று. கொடுக்கும்போதே நிபந்தனை எழுதியிருந்ததால்தான் மாநிலத்தால் வாய் திறக்க முடிந்தது.

மூன்றாவதாக ஐரோப்பிய ஒன்றியம் இருந்தது. உலகமயமாதலால் வேலை இழப்பவர்களுக்கென்றே 2006-இல் அது ஒரு நிதியை உருவாக்கியிருந்தது. அதிலிருந்து போஹும் தொழிலாளர்களின் மறுபயிற்சிக்குச் சுமார் 55 லட்சம் யூரோ வந்தது.

இவ்வளவும் இருந்தும் போஹும் மகிழ்ச்சியாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐம்பது வயதில் வேலை இழந்தவருக்கு இழப்பீட்டுப் பணம் பழைய வாழ்க்கையைத் திருப்பித் தராது. 2014 டிசம்பரில் ஓப்பல் ஆலையும் மூடப்பட்டது. சட்டம் இருந்ததால் அடி விழாமல் இல்லை. விழுந்தவர்கள் எழுந்து நிற்கச் சற்று அவகாசம் கிடைத்தது.

க்ளூஜ்: மூன்றரை ஆண்டுக் கனவு

போஹும் இழந்ததைப் பெற்ற இடம் ருமேனியாவின் க்ளூஜ் நகரை ஒட்டிய ஜூக்கு. 2008-இல் அங்கே ஆலை திறக்கப்பட்டபோது அந்த வட்டாரத்துக்கே அது திருவிழா. ஆலைக்காக உள்ளூர் நிர்வாகம் தொழிற்பூங்கா அமைத்துக் கொடுத்தது.

2011 செப்டம்பரில் அந்த ஆலையையும் மூடுவதாக நோக்கியா அறிவித்தது. சுமார் 2,200 பேரின் வேலை. இம்முறை சொன்ன காரணம் வேறு. கைபேசியின் உதிரி பாகங்கள் ஆசியாவில் செய்யப்படுகின்றன, வாங்குவோரும் பெருமளவில் அங்கே இருக்கிறார்கள், அதனால் அங்கேயே பூட்டுவது வேகமாக இருக்கும் என்றார்கள்.

இந்தக் காரணத்தை நாம் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குறைந்த கூலியைத் தேடித்தான் ஆலை ஓடுகிறது என்று நாம் வழக்கமாகச் சொல்வோம். போஹுமை விட்டுப் போனதற்கு அது பொருந்தும். க்ளூஜில் கூலி குறைவாகத்தான் இருந்தது. குறைவான கூலி அந்த ஆலையை மூன்றரை ஆண்டுக்கு மேல் பிடித்து வைக்கவில்லை. திரை, சிப், மின்கலம், அச்சு, திருகாணி என்று எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கும் சீனத்து ஊர்கள்தான் அதை இழுத்தன. கூலியை மட்டும் காட்டி ஆலையை அழைக்கும் ஊருக்கு இது முதல் எச்சரிக்கை.

ஜூக்கு வட்டாரத்துக்கு ஒரு நல்லதும் நடந்தது. காலியான ஆலையை இத்தாலியின் டெலாங்கி நிறுவனம் வாங்கியது. போஷ் நிறுவனமும் அந்தப் பூங்காவுக்கு வந்தது. சாலையும் மின்சாரமும் தொழில் பழகிய கைகளும் இருக்கும் இடத்துக்கு மறுபடியும் வேலை வரும். ஆனால் இடைப்பட்ட காலத்தில் குடும்பம் எப்படிச் சாப்பிடும் என்பதுதான் தொழிலாளியின் கேள்வி.

சாலோ: தாய்வீட்டிலும் நிற்கவில்லை

நோக்கியா ஃபின்லாந்தின் பெருமை. அங்கே சாலோ என்ற சிறு நகரம் கைபேசியாலேயே வளர்ந்தது. நகராட்சியின் வரி வருவாயில் கணிசமான பகுதி நோக்கியாவிடமிருந்து வந்தது. 2012-இல் அந்த ஆலையிலும் உற்பத்தி நிறுத்தப்பட்டது. சொந்த நாடு என்பதற்காக எந்த ஆலையும் நின்றுவிடுவதில்லை.

சாலோவில் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். போஹுமில் பட்ட அடியை நோக்கியாவின் நிர்வாகம் மறக்கவில்லை. அதே போல் இன்னொரு முறை நடக்கக்கூடாது என்று, 2011-இல் பெரிய ஆட்குறைப்பு தொடங்கியபோதே 'பிரிட்ஜ்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். வேலை போகப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். நிறுவனத்துக்குள் வேறு வேலை, வெளியே வேறு வேலை, புதுப் படிப்பு, சொந்தத் தொழில் என்று வழிகளைத் திறந்து வைத்தார்கள். சொந்தத் தொழில் தொடங்க முன்பணமும் கொடுத்தார்கள். 13 நாடுகளில் சுமார் 18,000 பேர் இந்தத் திட்டத்துக்குள் வந்தார்கள். ஏறத்தாழ 1,000 சிறு நிறுவனங்கள் இதிலிருந்து பிறந்தன. ஐரோப்பிய நிதியிலிருந்தும் சாலோ தொழிலாளர்களுக்கு உதவி வந்தது.

நண்பர்களே, இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். போஹுமில் ஜனவரிக் குளிரில் ஊர்வலம் போனவர்கள் தங்கள் ஆலையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அவர்கள் கொடுத்த குரல், மூன்று ஆண்டு கழித்து, அவர்கள் முகம் பார்த்திராத வேறு நாட்டுத் தொழிலாளிக்குப் பயிற்சியாகவும் முன்பணமாகவும் போய்ச் சேர்ந்தது. போராட்டம் தோற்றது என்று அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது.

ஸ்ரீபெரும்புதூர்: நம் பங்கு

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

2005 ஏப்ரலில் தமிழக அரசு நோக்கியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. சிப்காட் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலம், விற்பனை வரிச் சலுகை எல்லாம் தரப்பட்டன. 2006 தொடக்கத்திலேயே உற்பத்தி ஆரம்பமாயிற்று. ஃபாக்ஸ்கான், சால்காம்ப் போன்ற துணை நிறுவனங்களும் அதே வளாகத்துக்கு வந்தன. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நோக்கியாவில் நேரடியாக வேலை பார்த்தார்கள். துணை நிறுவனங்களில் இன்னும் பல்லாயிரம் பேர். பெரும்பாலோர் இளைஞர்கள், அவர்களிலும் பெண்கள் அதிகம். பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்துவிட்டு, கம்பெனி பஸ் பிடித்து, ஷிப்டுக்கு வந்து போன பிள்ளைகள். தம்பியின் கல்லூரிக் கட்டணமும் அக்காவின் கல்யாணக் கடனும் அந்தச் சம்பளத்தில் அடைபட்டன. பெண் பிள்ளை இரவு ஷிப்டுக்குப் போவதை ஏற்காத வீடுகள் ஏற்றுக்கொண்டன. அந்த மாற்றத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

போஹுமில் ஆலை மூடப்பட்ட அதே 2008-இல் ஸ்ரீபெரும்புதூர் ஆலை வளர்ந்துகொண்டிருந்தது. அன்று போஹுமுக்காக நம் ஊரில் எத்தனை பேர் வருந்தினோம்?

2013-இல் மூன்று காரியங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஸ்மார்ட்போன் சந்தையில் நோக்கியா பின்தங்கியிருந்தது. நிறுவனத்தின் கைபேசிப் பிரிவை வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அந்தச் செப்டம்பரில் அறிவித்தது. இடையில் மத்திய வருமான வரித் துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வரி கேட்டது. 2014-இல் மாநில வணிகவரித் துறை தனியாக 2,400 கோடி ரூபாய் கேட்டது. வருமான வரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஆலையைக் கைமாற்ற வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உத்தரவு வந்தது. நோக்கியா தரவில்லை. ஏப்ரலில் உலகெங்கும் உள்ள கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியபோது ஸ்ரீபெரும்புதூர் மட்டும் விடப்பட்டது. அதன் பிறகு அது மைக்ரோசாஃப்ட்டுக்குக் கூலிக்குச் செய்து தரும் ஆலை. ஒப்பந்தத்தை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டதும், 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. அந்த டிசம்பரில் ஃபாக்ஸ்கானும் இங்கே வேலையை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட்டின் கைபேசி உற்பத்தி வியட்நாமின் பாக் நின் ஆலையில் குவிந்தது.

அரசு வரி கேட்டது தவறு என்று சொல்ல மாட்டேன். வரி கேட்பது அரசின் உரிமை. நிறுவனம் வழக்காடியதும் அதன் உரிமை. என் வருத்தம் வேறு. இரண்டு பக்கமும் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். நடுவில் இருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் அந்த வழக்கில் கட்சிக்காரராகவே இல்லை. சென்னையில் உண்ணாவிரதம் இருந்து ஆலையைக் காப்பாற்றுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். கேட்பதற்குச் சட்டம் அவர்களுக்குத் தந்திருந்த இடம் வீதி மட்டுமே.

சட்டம் வேறென்ன தந்தது? அன்றைய தொழில் தகராறுகள் சட்டத்தின்படி ஆட்குறைப்புக்கோ மூடலுக்கோ இழப்பீடு, பணிபுரிந்த ஓராண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம். ஏழு ஆண்டு வேலை பார்த்த பெண்ணுக்கு நூற்று ஐந்து நாள் ஊதியம், அதாவது மூன்றரை மாதச் சம்பளம். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையை மூட அரசின் அனுமதி வேண்டும் என்பதும் அன்று சட்டத்தில் இருந்தது. நடந்தது என்ன? மூடலுக்கு முன்பே விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. சுமார் 5,000 பேர் அதில் கையெழுத்திட்டு வெளியேறினார்கள். சட்டம் சொன்ன குறைந்த அளவைவிடக் கூடுதலாகவே தொகை கிடைத்தது. அது சங்கத்தின் பேரத்தால் வந்தது, உரிமையால் வந்ததாகச் சொல்ல முடியாது.

இதில் பலர் கவனிக்காத ஒரு இழப்பு உண்டு. ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்த ஈஎஸ்ஐ உறுப்பினர்களுக்கு, ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற பெயரில், பாதி ஊதியம் உதவித்தொகையாகத் தரும் திட்டம் 2005 முதல் இருக்கிறது. ஆனால் விருப்ப ஓய்வில் வெளியேறியவருக்கு அது கிடையாது. ஆலை மூடப்போகிறது என்று தெரிந்து, வேறு வழியின்றிக் கையெழுத்திடுகிறவர், தானாக வேலையை விட்டவராகச் சட்டத்தின் கணக்கில் ஏறிவிடுகிறார். அந்தக் கையெழுத்தோடு உதவித்தொகை கேட்கும் தகுதியும் போய்விடுகிறது. ஒப்பந்தத் தொழிலாளருக்கோ விருப்ப ஓய்வுப் பேச்சில் நாற்காலியே இல்லை.

வேலை போன பிறகு

வேலை போனால் வேறு வேலை கிடைக்காமலா போகும் என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பல ஆண்டு ஒரே இடத்தில் வேலை பார்த்து 1980-களில் வேலை இழந்தவர்களின் வருமானத்தை ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் என்ற மூன்று பொருளியலாளர்கள் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். 1993-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, வேலை இழந்து ஐந்தாறு ஆண்டு ஆன பிறகும் அவர்களின் வருமானம், இழக்காதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட ஏறத்தாழ 25 சதவீதம் குறைவாகவே இருந்தது. சீன இறக்குமதியால் அடிபட்ட அமெரிக்க ஊர்களைப் பொருளியலாளர் டேவிட் ஆட்டரும் தோழர்களும் ஆராய்ந்தார்கள். தொழிலாளிகள் சுலபமாக வேறு ஊருக்கோ வேறு தொழிலுக்கோ மாறிவிடுவார்கள் என்ற பாடப்புத்தக நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்துப் போனதைக் காட்டினார்கள்.

ஒரு தொழிலாளியின் திறமை அவர் கையில் மட்டும் இல்லை. அந்த இயந்திரம், அந்த லைன், பக்கத்தில் நிற்கும் தோழி, தவறு வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற அறிவு எல்லாம் சேர்ந்ததுதான் திறமை. மரத்தை வேரோடு பிடுங்கும்போது மண்ணும் சேர்ந்து உதிர்கிற மாதிரி, ஆலை போகும்போது அந்தத் திறமையில் பாதி உதிர்ந்துவிடுகிறது. இருபத்தாறு வயதில், இரவு ஷிப்ட் பழகிய ஒரு பெண், அடுத்த வேலைக்கு மறுபடியும் ட்ரெய்னியாகச் சேர வேண்டியிருக்கிறது. சேராமல் வீட்டோடு இருந்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்களைத் தேடிப்போகும் கடமையைச் சட்டம் யாருக்கும் தரவில்லை.

இன்று நாம் எங்கே நிற்கிறோம்

ஸ்ரீபெரும்புதூர் இன்று மீண்டும் பரபரப்பாக இருக்கிறது. ஃபாக்ஸ்கான் திரும்பி வந்து ஐஃபோன் செய்கிறது. மூடிக் கிடந்த நோக்கியா ஆலையைச் சால்காம்ப் வாங்கியது. அந்தச் சால்காம்ப் சாலோ நகரில் தலைமையகம் வைத்திருந்த நிறுவனம், இன்று சீன நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தம். சீனாவிலிருந்து நகரும் உற்பத்தியின் ஒரு பகுதி இப்போது நம் பக்கம் வருகிறது. 2008-இல் க்ளூஜ் நின்ற இடத்தில் இன்று நாம் நிற்கிறோம்.

இதில் மகிழ வேண்டும். கூடவே ஞாபகமும் வேண்டும். நமக்கு வரும் ஒவ்வொரு லைனுக்கும் பின்னால் எங்கோ ஒரு ஊரில் ஒரு லைன் நிற்கிறது. அங்கே வேலை இழப்பவர் நமக்கு எதிரி இல்லை. நாளை நம்மிடமிருந்து வேலையைப் பெறப்போகும் ஊரின் தொழிலாளியும் நமக்கு எதிரி இல்லை.

சட்டமும் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், மூடலுக்கு அனுமதி தேவைப்படும் வரம்பை நூறு தொழிலாளரிலிருந்து முந்நூறாக உயர்த்திவிட்டது. ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்குப் பதினைந்து நாள் ஊதியத்தை மறுபயிற்சிக்கென்று தரும் ஒரு நிதியை அது புதிதாகக் கொண்டுவந்திருக்கிறது. நிதி என்ற எண்ணத்தை வரவேற்கிறேன். பதினைந்து நாள் ஊதியத்தில் யாரும் ஒரு புதுத் தொழிலைக் கற்றுக்கொள்ள முடியாது.

நான்கு கோரிக்கைகள்

ஆகவே நான்கு காரியங்களை முன்வைக்கிறேன். இந்த அரங்கில் உள்ள சங்கத்தினர் இவற்றைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, அரசு சலுகை தந்து போடும் ஒவ்வொரு ஒப்பந்தமும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். எத்தனை வேலை, எத்தனை ஆண்டு, தவறினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியாவால் கேட்க முடிந்ததை நம் அரசாலும் கேட்க முடிய வேண்டும்.

இரண்டாவது, சலுகை பெறும் நிறுவனம் லாபம் வரும் ஆண்டுகளிலேயே ஒரு பங்கை, வேலை இழக்கும் தொழிலாளருக்கான பிரிவு நிதியாக ஒதுக்க வேண்டும். அது நிறுவனத்தின் கணக்கில் இல்லாமல் தனி அறக்கட்டளையில் இருக்க வேண்டும். வரி வழக்கோ கைமாற்றமோ அதைத் தொடக்கூடாது. ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அதில் பங்கு வேண்டும்.

மூன்றாவது, ஆலை மூடப்படும் சூழலில் விருப்ப ஓய்வு பெற்றவர்களையும் வேலை இழந்தவர்களாகவே கருதி ஈஎஸ்ஐ உதவித்தொகை தர வேண்டும். இதற்கு விதியில் சில வரிகள் மாறினால் போதும்.

நான்காவது, அதே இடத்துக்கு அடுத்த நிறுவனம் வரும்போது பழைய தொழிலாளிக்கு முன்னுரிமை வேண்டும். இன்றுள்ள சட்டம் பழைய முதலாளியை மட்டுமே கட்டுப்படுத்துகிறது, அதுவும் ஓராண்டுக்கு மட்டும். நிலம் சிப்காட்டினுடையது. அந்த நிலத்தில் வேலை இழந்தவர்களின் பட்டியலைச் சிப்காட்டே வைத்திருக்கலாம். புதிய நிறுவனத்துக்கு நிலம் ஒதுக்கும்போது அந்தப் பட்டியலையும் சேர்த்துத் தரலாம்.

இப்படியெல்லாம் நிபந்தனை போட்டால் முதலீடு பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. க்ளூஜின் அனுபவம் பதில் சொல்கிறது. குறைந்த கூலிக்காகவும் தளர்ந்த நிபந்தனைக்காகவும் வந்த ஆலை, அவற்றைவிடப் பெரிய வசதி வேறெங்கோ தெரிந்ததும் போய்விட்டது. ஆலையை நிற்க வைப்பது சுற்றிலும் உள்ள உதிரி பாகத் தொழில்களும், துறைமுகமும், தடையில்லாத மின்சாரமும், நம் பாலிடெக்னிக்குகளும், கை பழகிய தொழிலாளிகளும்தான். இவை தமிழ்நாட்டிடம் இருக்கின்றன. விலை பேசத் தெரிந்தவர் கையில் சரக்கு இருக்கும்போது கெஞ்ச வேண்டியதில்லை.

புதிய ஆலை ஒவ்வொன்றின் அடிக்கல் நாட்டு விழாவிலும் எத்தனை கோடி முதலீடு, எத்தனை ஆயிரம் வேலை என்று அறிவிக்கிறார்கள். அந்த மேடையிலேயே மூன்றாவது ஒரு கணக்கையும் அறிவிக்கச் சொல்லுங்கள்: இந்த ஆலை ஒரு நாள் போனால் இந்தத் தொழிலாளிகளுக்கு என்ன கிடைக்கும்? பத்திரிகையாளர்கள் கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் கேளுங்கள். வேலைக்குச் சேரும் முன் பெற்றோர்களும் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.